சித்தப்பாவின் நீலப் பெட்டியும் குழித்துறை மெக்கானிக்கின் நோட்டும்

மூன்று வார லீவில் மெல்போர்னிலிருந்து ஊருக்குப் போனேன். அதில் ஐந்து நாள் முழுசாக ஒரு நீலப் பெட்டிக்கே போய்விட்டது. பழைய எலக்ட்ரானிக் இசைக்கருவி எதையாவது வீட்டில் வைத்துக்கொண்டு, இந்த முறை போகும்போது விற்றுவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெட்டி, சித்தப்பாவின் ஜிஆர்-300, ரோலண்ட் என்கிற ஜப்பான் கம்பெனி செய்தது. கூடவே ஜி-505 கிதார். 1980-இல் வந்த கிதார் சிந்தசைசர் இது. கிதாரில் தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கத்தில் ஆறு தந்திக்கும் தனித்தனியாகச் சிக்னல் எடுக்கும் ஒரு ஹெக்ஸ் பிக்கப் இருக்கும், அந்த ஆறும் 24 முள் உள்ள தடிமனான கேபிள் வழியாகக் காலடியில் கிடக்கும் நீலப் பெட்டிக்குப் போகும், அங்கே சிந்தசைசர் ஒலியாக மாறும். முழுக்க அனலாக், மெமரி கிடையாது. அமெரிக்க ஜாஸ் கிதாரிஸ்ட் பாட் மெத்தெனி இதை விடாமல் வாசித்ததால் உலகம் முழுக்க இன்னும் ஆட்கள் தேடுகிறார்கள். சித்தப்பா 86-இல் மஸ்கட்டில் ஹோட்டல் பாண்டில் வாசித்த ஒரு பிலிப்பைன்ஸ்காரரிடம் வாங்கினார். அப்புறம் மார்த்தாண்டத்தைச் சுற்றி எத்தனை சர்ச் கன்வென்ஷன், எத்தனை கல்யாண வீடு. சித்தப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. 'நீ வந்தா வித்துத் தா மக்களே, மழைக்குத் துரு ஏறுது' என்று சித்தி போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். நம்ம ஊருக்கு இரண்டு பருவமழையும் உண்டே, சும்மா கிடக்கிற இரும்பு என்ன பாடுபடும்.

முதலில் நான் செய்தது தப்பு. திருவனந்தபுரத்தில் ஏசி போட்டு, கண்ணாடிக் கதவு வைத்த ஒரு மியூசிக் கடை சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்க்க மட்டும் 1,500 ரூபாய். மூன்று நாள் கழித்து, பவர் சப்ளை செத்துவிட்டது, போர்டும் போயிருக்கும், கிதாரை மட்டும் பிற்காலத்தில் வந்த 13 முள் சிஸ்டத்துக்கு மாற்றித் தருகிறோம், பெட்டியை ஸ்பேர் பார்ட்ஸுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். பேசிய பையன் மரியாதையாகத்தான் பேசினான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பி வந்த பெட்டியில் இரண்டு ஸ்க்ரூ இல்லை. அதோடு அந்த யோசனையே எனக்கு இடித்தது. 13 முள் கிதாரை இந்தப் பெட்டியில் நேராகச் செருக முடியாது, நடுவே ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். ஜோடியாக இருந்தால்தான் இதற்கு மதிப்பு, கிதாரை மாற்றினால் ஜோடி பிரிந்துவிடும்.

அத்தான்தான் சொன்னார், 'அதை உங்க சித்தப்பா எப்பவும் குழித்துறை மெக்கானிக்கிட்டதானே கொண்டு போவார், அவருட்ட கேட்டியா?' கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்கு எப்போதும் முதலில் ஏசி கடைதான் கண்ணில் படும்.

மெக்கானிக் அண்ணனுக்கு எழுபது தாண்டியிருக்கும். கடை என்று பெயர், ஒரு மேஜையும் ஒரு டியூப் லைட்டும்தான். பெட்டியைப் பார்த்ததும், 'இது நான் வெட்டினதாக்கும்' என்று சிரித்தார். பின்பக்கம் திருப்பி, 117 வோல்ட் என்று எழுதியிருந்த லேபிளின் மேல் விரலை வைத்து, 'அவன் இதைப் படிச்சுட்டு ஸ்டெப் டவுன்ல போட்டிருப்பான், சரிதானா?' என்றார். சரிதான். 93-இல் உள்ளே இருந்த ஒரிஜினல் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோக, நாகர்கோவிலில் 230 வோல்ட்டுக்கு ஒன்று சுற்றி வாங்கி மாட்டியிருக்கிறார். லேபிளை மாற்றவில்லை. திருவனந்தபுரத்துப் பையன் லேபிளை நம்பி, கரண்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 110 வோல்ட் கொடுத்திருக்கிறான். வேண்டியதில் பாதிகூட உள்ளே போகவில்லை, விளக்கு மங்கலாக எரிந்தது, சத்தம் வரவில்லை, பெட்டி செத்துப்போச்சு. நல்லவேளை இப்படி. லேபிளில் 230 இருந்து உள்ளே 117 இருந்திருந்தால் புகைதான் வந்திருக்கும்.

அண்ணன் நேராக கரண்டில் செருகவில்லை. சீரிஸ் போர்டில் 100 வாட்ஸ் குண்டு பல்பை மாட்டி அதன் வழியாகக் கொடுத்தார். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், இல்லையென்றால் ஒரு கணம் மினுக்கிவிட்டு அடங்கிவிடும். அடங்கியது. பிறகுதான் நேர் கரண்ட். நாற்பது வருஷத்துப் பெட்டி எதையும் வாங்குகிறவரோ விற்கிறவரோ இதைச் செய்யாமல் ஸ்விட்சைத் தட்டவே கூடாது என்பது என் கட்சி.

அப்புறம் மூடியைத் திறந்து பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினார். எனக்கு அது ஒரு வகுப்பு மாதிரி. சால்டரால் பற்ற வைத்த பொட்டுகளைப் பார் என்றார், கம்பெனி வைத்தது எல்லாம் ஒரே அளவு, ஒரே வரிசை, கை வைத்த இடத்தில் பொட்டு கொஞ்சம் பெரிதாக, சுற்றிலும் பழுப்பாக ஃபிளக்ஸ், அதாவது பற்ற வைக்கப் போடும் பசையின் கறை. கம்பியின் நிறத்தைப் பார், இந்த நீலம்-வெள்ளை, ஆரஞ்சு-வெள்ளை முறுக்குக் கம்பி டெலிபோன் கேபிளில் உரித்தது, ஜப்பான்காரன் போட்டதில்லை. கண்டென்சர்களில் நாலைந்து, கேரள அரசு கம்பெனியான கெல்ட்ரான் கண்ணூர் பக்கத்தில் செய்தது. போர்டில் திருகிச் சரிசெய்யும் சின்ன பிரிசெட்டுகளின் தலையில் கம்பெனி ஒரு சொட்டு பெயிண்ட் வைத்திருக்கும், அது உடைந்திருந்தால் யாரோ திருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அண்ணன் தான் திருகியதற்கெல்லாம் மேலே சிவப்பு கியூடெக்ஸ் தொட்டு வைத்திருந்தார். மூன்றில் பெயிண்டும் இல்லை, கியூடெக்ஸும் இல்லை. 'இது நான் இல்ல.' ஒருவேளை பிலிப்பைன்ஸ்காரர், ஒருவேளை போன வாரத்துப் பையன். டி தந்தி லேசாகச் சுருதி விலகி ஒலித்ததற்கு அதில் ஒன்றுதான் காரணம்.

இதில் எனக்குத் தெளிவான விஷயம், மாற்றம் என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட முடியாது. பழைய கண்டென்சரை மாற்றியது சர்வீஸ், அதற்காக யாரும் விலை குறைக்க மாட்டார்கள், நல்லதென்றுகூடச் சொல்வார்கள். கிதாரில் நடு பிக்கப்பை மாற்றியிருந்தது, அது வெறும் கிதார் சத்தத்துக்குத்தான், சிந்தசைசர் ஒலிக்கு அதில் வேலையே இல்லை. ஹெக்ஸ் பிக்கப்பை மாற்றியிருந்தால்தான் கவலை. அது அப்படியே ஒரிஜினல்.

பார்க்க ரொம்ப அசிங்கமாக இருந்தது 24 முள் சாக்கெட் இருந்த இடம். ஒரிஜினல் கேபிள் அறுந்து, இங்கே வேறு கிடைக்காமல், கம்ப்யூட்டர் பிரிண்டருக்கு வரும் 25 முள் சாக்கெட்டைக் கிதாரிலும் பெட்டியிலும் போட்டு, தகட்டை அரத்தால் ராவி அகலப்படுத்தியிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் யோசித்தால், இதனால்தான் அந்தக் கிதார் அடுத்த முப்பது வருஷம் வாசிக்கப்பட்டது. ஒரு முள் மட்டும் சும்மா, மற்ற 24-ம் ஒன்றுக்கொன்று நேராக. நான் புத்திசாலித்தனமாகப் புதுசாக ஒரு கேபிள் வாங்கிச் செருகிப் பார்த்தேன், இரண்டு தந்தி ஊமையாகிவிட்டது. கடையில் விற்கிற எல்லாக் கேபிளிலும் 25 கம்பியும் இருக்காதாம். சித்தப்பாவின் பழைய கேபிளே மறுபடி.

உண்மையில் ஆபத்தானது நான் கண்டுகொள்ளவே இல்லாத ஒன்று. பின்னால் சின்னதாக, அழகாக, பெயர் எழுதாத ஒரு டாகிள் ஸ்விட்ச். கம்பெனியே வைத்தது என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணன் நோட்டை எடுத்தார். பழைய பள்ளிக்கூட நோட்டு, சித்தப்பா பெயர் போட்டு நாலு பக்கம், தேதி, செய்த வேலை, வாங்கிய காசு. அதில் அந்த ஸ்விட்ச் இல்லை. மல்டிமீட்டரை, இரண்டு முனைக்கும் தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும்படி வைத்து, ஒரு முனையை பிளக்கின் எர்த் பின்னிலும் மறுமுனையைப் பெட்டியின் தகட்டிலும் வைத்தார். ஸ்விட்ச் மேலே, பீப். ஸ்விட்ச் கீழே, சத்தமே இல்லை. யாரோ மேடையில் ஹம் என்ற இரைச்சல் வருகிறது என்று கரண்ட் எர்த்தையே துண்டிக்க ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். உள்ளே எங்காவது லீக் ஆனால் கரண்ட் பெட்டி, கேபிள், கிதார் தந்தி வழியாக வாசிக்கிறவர் விரலுக்கு வரும், அவர் உதடு மைக்கில் பட்டால் கதை முடிந்தது. சித்தப்பா இதை வைத்துக்கொண்டு எத்தனை கூட்டத்தில் நின்று பாடியிருப்பார் என்று நினைத்தபோது கை நடுங்கியது. அண்ணன் ஒன்றும் பேசாமல் ஸ்விட்சைக் கழற்றி, எர்த் கம்பியை நேராகத் தகட்டில் முறுக்கினார். ஓட்டையை ரப்பர் மூடியால் அடைத்தார். ஹம் கொஞ்சம் வந்தது, ஆம்ப்பையும் பெட்டியையும் ஒரே போர்டில் செருகியதும் பெரும்பாலும் போய்விட்டது.

இரண்டு நாள் வேலை, 1,800 ரூபாய். சுருதியும் சரி செய்து கொடுத்தார், ஒவ்வொரு தந்தியாக மற்றதைக் கையால் அமுக்கிக்கொண்டு. தகட்டில் போட்ட ஓட்டையை மறைக்க டச்சப் பண்ணலாமா என்று கேட்டேன். 'வேண்டாம், அந்த நீலம் இஞ்ச கிடைக்காது. வெட்டினதை வெட்டினதுன்னு சொல்லி வில்லு' என்றார்.

அப்படித்தான் செய்தேன். என்னென்ன மாறியிருக்கிறது, எதைத் திரும்பக் கொண்டுவரலாம், எதை முடியாது என்று ஒரு தாளில் எழுதி, உள்ளே திறந்த படங்கள், நோட்டின் நாலு பக்கத்துப் படம் எல்லாம் சேர்த்து அனுப்பினேன். டிரான்ஸ்ஃபார்மர் விஷயம் முதல் வரியில். பழைய லேபிளைச் சுரண்டவில்லை, பக்கத்தில் 230 என்று பெரிதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டினோம்.

கொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு கிதாரிஸ்ட் ரயிலில் வந்து குழித்துறையில் இறங்கினார். ஓட்டைக்காகக் கொஞ்சம் குறைத்துக் கேட்டார், குறைத்தேன். எவ்வளவு என்று எழுதினால் சித்தி என்னை வீட்டுக்குள் விட மாட்டார். ஒரு மணி நேரம் சித்தப்பா நாற்காலியிலேயே உட்கார்ந்து வாசித்தார். கிளம்பும்போது சித்தி உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். திறந்தால், எரிந்துபோன டிரான்ஸ்ஃபார்மரும், துருப்பிடித்த இரண்டு 24 முள் சாக்கெட்டும், பழைய நடு பிக்கப்பும் துணியில் சுற்றி இருந்தது. இத்தனை நாளும் அது அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்திருக்கிறது. நான் கேட்கவே இல்லையாம்.