கோவையில் ஒரு நரம்பியல் பிரிவு: பூஞ்சைத் தொற்றும் பக்கவாதமும்

காங்கேயத்திலிருந்து என் பெரியப்பாவை இடது கையும் காலும் செயலிழந்த நிலையில் கோவையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் சேர்த்தோம். சர்க்கரை நோயாளி என்பதால் வழக்கமான பக்கவாதம் என்று முடித்திருக்கலாம். ஆனால், வாரக்கணக்கில் நீடித்த தலைவலியையும் விட்டுவிட்டு வந்த காய்ச்சலையும் துருவிக் கேட்ட மருத்துவர், முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்து, காசநோய்ச் சோதனையுடன் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையைக் கண்டறியும் ஆன்டிஜென் சோதனைக்கும் சேர்த்தே அனுப்பியதுதான் இப்பிரிவின் பெருஞ்சிறப்பு. மூளையின் அடிப்பகுதி உறையில் நாள்பட்டுத் தங்கும் பூஞ்சை அழற்சி, அங்கிருந்து மூளைக்குள் செல்லும் நுண்தமனிகளின் சுவரையும் தாக்கி அடைத்துவிடக்கூடும் என்பதை எம்ஆர்ஐ படத்தைக் காட்டியே விளக்கினார். பூஞ்சைத் தொற்று உறுதியாகி, அதற்கான ஆம்போடெரிசின் பி மருந்தை ஏற்றிய நாள்களில், இரத்தத்தில் பொட்டாசியமும் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினினும் தவறாமல் கண்காணிக்கப்பட்டன. பிறகு ஃபுளூகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரையை ஓராண்டளவு தொடருமாறு எழுதிக் கொடுத்தார்கள். செவிலியர்கள் கனிவானவர்கள். பில் பிரிவு அப்படியன்று: சிறுநீரகத்தைக் குறைவாகப் பாதிக்கும் லைபோசோமல் வகை ஆம்போடெரிசின் எவ்வளவு விலையுயர்ந்தது என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தால், மஞ்சள் விற்ற பணத்தை நம்பியிருந்த நாங்கள் ஆயத்தமாக இருந்திருப்போம். இயன்முறை சிகிச்சையை மாலையிலும் அளித்தால், வெளியூரிலிருந்து பேருந்தில் வருவோருக்கு உதவியாக இருக்கும்.