ஓய்வு பெற்ற கீப்பரிடம் கீப்பிங் வகுப்பு: 7 மாதம் பார்த்த பிறகு

என் மகள் கால்பந்தில் கோல்கீப்பர், வயது 13. நீண்ட காலம் ஆடி ஓய்வு பெற்ற ஒரு கோல்கீப்பர் தொடங்கிய பயிற்சி வகுப்பில் 7 மாதமாக இருக்கிறாள். கீப்பர்களுக்கு மட்டுமான வகுப்பு, வாரத்துக்கு 2 நாள், ஒன்றரை மணி நேரம். சேர்க்கலாமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் பார்த்ததையெல்லாம் எழுதிவிடுகிறேன்.

இதற்கு முன்னால் வேறொரு பயிற்சி மையத்தில் 2 வருடம் இருந்தாள். அங்கே கீப்பர் பயிற்சி என்றால் மற்ற பிள்ளைகள் வரிசையில் நின்று அடிப்பார்கள், இவள் கம்பங்களுக்கு நடுவில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பந்து உள்ளே போனால் "கவனமா இரு" என்பார்கள். எதைக் கவனிப்பது என்று ஒருவரும் சொன்னதில்லை. முழங்கையை ஊன்றி விழுந்து விழுந்து தோல் உரிந்ததுதான் மிச்சம். ஒரு கட்டத்தில் கீப்பராகவே இருக்க மாட்டேன் என்று அழுதாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இந்த கோச் 40 வயதைத் தாண்டித்தான் ஆட்டத்தை விட்டார். கீப்பர்களில் இது அதிசயமில்லை. டீனோ ஸோஃப் 40 வயதில் கேப்டனாக இத்தாலிக்கு 1982 உலகக் கோப்பையை வென்று தந்தார், எகிப்தின் எஸ்ஸாம் எல் ஹதாரி 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் இறங்கி ஒரு பெனால்டியையும் தடுத்தார், இத்தாலியின் இன்னொரு கீப்பர் புஃபோன் 2023இல் விடைபெற்றபோது அவருக்கும் 45. வேகம் குறைந்தாலும் பந்து எங்கே வரப்போகிறது என்று படித்து முன்னாடியே போய் நின்றுவிடுகிறார்கள். அது இருபது வருடம் ஆடி உடம்பில் ஊறிய விஷயம், அதை ஒரு பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல முடியுமா என்பதுதான் எனக்கிருந்த சந்தேகம்.

உண்மையைச் சொன்னால் முதல் 2 மாதம் அவரால் முடியவில்லை. "அது தானா வரும்மா, ஆட ஆட வரும்" என்பார். தப்பு எங்கே என்று அவர் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும், ஆனால் வாயில் வராது, பிள்ளைகள் திருதிருவென்று விழிப்பார்கள். அப்புறம் கோல்கீப்பர் பயிற்சியாளர்களுக்கென்று இருக்கும் உரிமப் படிப்புக்குப் போனார். திரும்பி வந்தவர் கையில் ஒரு தடித்த நோட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பக்கம், அன்றைக்கு என்ன சரி, என்ன திருத்த வேண்டும் என்று வகுப்பு முடிந்ததும் தண்ணீர் கேன் மேல் உட்கார்ந்து எழுதுகிறார். இத்தனை வருடம் ஆடிய மனிதர் முதல் வருட மாணவன் மாதிரி எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அவர் கயிறு கட்டிச் சொல்லிக்கொடுத்த ஒரு பயிற்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மகள் மாறியது அங்கேதான். இரண்டு கோல் கம்பங்களிலும் தலா ஒரு கயிற்றைக் கட்டி, இரண்டையும் கொண்டுவந்து பந்து இருக்கும் இடத்தில் ஓர் ஆணியில் முடிந்துவிட்டார். நடுவில் மகளை நிறுத்தினார். கோல் கோட்டின் மேல் நின்று கையை விரித்தால் இரண்டு பக்கமும் கயிறு எட்டாத தூரத்தில் இருந்தது, 7.32 மீட்டர் அகலம் என்றால் சும்மாவா. "ஒரு அடி முன்னாடி வா. இப்ப கையை விரி. இன்னொரு அடி வா." ஒவ்வொரு அடிக்கும் கயிறு இரண்டும் அவளை நோக்கி நெருங்கி வந்தன. ஓர் இடத்தில் இரண்டு விரல் நுனியும் கயிற்றைத் தொட்டன. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உடனே அவர் பந்து இருந்த பக்கத்திலிருந்து ஒரு பந்தை மெதுவாக அவள் தலைக்கு மேல் தூக்கிப் போட்டார், அது குதித்து வலைக்குள் போனது. "அதிகமா வந்தா இது நடக்கும்" என்றார். பந்தை இடது பக்கம் நகர்த்தி மறுபடி, வலது பக்கம் நகர்த்தி மறுபடி. மூன்றாவது வாரம் கயிற்றை அவிழ்த்துவிட்டார். இப்போது கயிறு இல்லாமலே அவள் சரியான இடத்துக்கு வந்துவிடுகிறாள், மேட்ச்சில் ஓரத்தில் நிற்கும் எனக்கே அது தெரிகிறது.

முதல் மாதம் முழுக்க டைவ், அதாவது பக்கவாட்டில் பாய்ந்து விழுவது, கிடையாது. கால் நகர்த்துவது, பந்தைப் பிடிப்பது, இது மட்டும்தான். மேலே வரும் பந்துக்கு இரண்டு கட்டை விரலும் பந்துக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் பந்து நடுவில் புகுந்து முகத்துக்கு வரும். அடுத்த மாதம் உட்கார்ந்தபடி பக்கவாட்டில் சாய்வது, பிறகு மண்டியிட்டு, பிறகு குந்தி, கடைசியில் நின்றபடி. முழங்கையை ஊன்றாமல் தொடையின் பக்கம், இடுப்பு, தோள் என்று வரிசையாகத் தரையில் படுகிற மாதிரி விழச் சொல்லிக்கொடுத்தார். பிடித்த பந்துக்கு ஒரு கை பின்னால், ஒரு கை மேலே, தரைதான் மூன்றாவது கை என்பார். முட்டி வலியால் அவரால் இப்போது விழுந்து காட்ட முடியாது. அதற்கு இளைஞர் ஒருவரை உதவிக்கு வைத்திருக்கிறார். இவர் பக்கத்தில் நின்று, வளைந்துபோன சுண்டு விரலை நீட்டி, "அவன் கையைப் பார்க்காதே, காலைப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

கோல் விழுந்தால் திட்டு கிடையாது. இரண்டே கேள்வி. "எங்க நின்ன?" "அடிக்கும்போது கால் நின்னுச்சா, நகர்ந்துட்டிருந்துச்சா?" நின்ற இடத்துக்கே பிள்ளை திரும்பிப் போய் நின்று காட்ட வேண்டும். ஸ்டிரைக்கர் காலில் பந்து படுகிற நொடியில் கீப்பரின் இரண்டு பாதமும் தரையில் அசையாமல் இருக்க வேண்டும் என்பதை அவர் ஒரு நாளில் ஐம்பது தடவையாவது சொல்வார் போல. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

கால் ஆட்டத்துக்கும் நிறைய நேரம் ஒதுக்குகிறார். சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் கீப்பர் கையால் தொடக் கூடாது என்று 1992இல் விதி வந்ததிலிருந்து கீப்பருக்கு இரண்டு காலும் தேவைப்படுகிறது. 2025இல் வந்த 8 நொடி விதியையும் பழக்குகிறார். அதற்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர், அதாவது களத்தின் மூலையிலிருந்து உதைக்கும் வாய்ப்பு. அவரே நடுவர் மாதிரி கையை உயர்த்தி, கடைசி 5 நொடியை விரல் மடக்கி எண்ணுகிறார். பிள்ளைகள் பதறுகிறார்கள், பதறாமல் இருக்கப் பழகத்தான் அது.

சரி, குறைகள். பெரிய குறை, ஒரு பேட்ச்சில் 12 பேர், கோல் இரண்டே இரண்டு. காத்திருக்கும் நேரம் அதிகம், 8 பேர் என்றால் நன்றாக இருக்கும், அவரிடமே சொல்லிவிட்டேன். இரண்டாவது, கிட்டத்தில் இருந்து அடிக்கும்போது ஒரு முட்டியைத் தரைக்குத் தாழ்த்தி உடம்பைப் பரப்பி மறிக்கும் புது முறை அவருக்குக் கைவரவில்லை. அவர், அடிக்க வருபவரின் காலடியில் பாய்ந்து பந்தைப் பறித்த தலைமுறை. புது முறையை உதவியாளரிடம் விட்டுவிடுகிறார், அந்த நேர்மை எனக்குப் பிடித்தது, ஆனால் அதற்குக் கிடைக்கும் நேரம் போதாது. பேச ஆரம்பித்தால் பழைய மேட்ச் கதை நீளும். மழை வந்தால் வகுப்பு இல்லை என்று சொல்வது கிளம்பிய பிறகுதான் வருகிறது, இதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். 9 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இந்த வகுப்பு வேண்டாம், இத்தனை தடவை ஒன்றையே செய்ய அவர்களுக்குப் பொறுமை இருக்காது. அந்த வயதில் எல்லா இடத்திலும் ஆடட்டும்.

போன மாதம் ஒரு மேட்ச்சில் மகள் ஒரு எளிய பந்தைக் கைநழுவ விட்டாள், கோல். முன்பெல்லாம் அதோடு அன்றைய ஆட்டம் முடிந்துவிடும், தலையைத் தொங்கப் போட்டுவிடுவாள். இந்த முறை வலையிலிருந்து பந்தை எடுத்து நடுக்களத்துக்கு எறிந்துவிட்டு, கோட்டுக்கு வந்து, இரண்டு கம்பத்தையும் கையால் ஒரு தடவை தொட்டுவிட்டு, டிஃபெண்டர்களைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தாள். கம்பத்தைத் தொடுவது அந்த கோச் சொல்லிக்கொடுத்தது, கோல் வாங்கியதும் அவர் செய்துகொண்டிருந்த பழக்கமாம். என் கண் கலங்கிவிட்டது.

சேர்க்க நினைப்பவர்கள் முதலில் ஒரு நாள் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள், தாராளமாக விடுகிறார். முழுக்கைச் சட்டை, இடுப்பில் பஞ்சு வைத்த கால்சட்டை கட்டாயம். கிளவுஸ் பழையதே போதும், புதியதை மேட்ச்சுக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறார். போடும் முன் உள்ளங்கைப் பகுதியைத் தண்ணீரில் லேசாக நனைக்க வேண்டும், துவைத்தால் வெயிலில் காயவைக்கக் கூடாது, ரப்பர் வெடித்துவிடும். நாங்கள் அப்படித்தான் இரண்டு ஜோடியைக் கெடுத்தோம்.