6,400 ரூபாய் போச்சு: பாய்மரக் கப்பல் வார்கேம் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

இன்று காலை, கேமை விற்ற ஆள் என்னை பிளாக் செய்துவிட்டான். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

போர்டு கேம் விற்கும் ஒரு இன்ஸ்டா பக்கம். பெயர் வேண்டாம். அங்கே ஒரு வார்கேம், அதாவது பழைய போரை மேசையில் ஆடிப் பார்க்கும் கேம்: 1782, 83-ல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் நம் பக்கத்துக் கடலில் மோதிய ஐந்து சண்டைகள், சதுரங்கப்பட்டினம் முதல் கடலூர் வரை. ஐந்துக்கும் சினாரியோ (எந்தெந்தக் கப்பல், காற்று எப்படி என்று சொல்லும் தாள்), கூடவே ரூல்ஸ் புத்தகம், கப்பல் அட்டைகள், எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய் என்று போட்டிருந்தான். விசாரித்ததும் அவன் கேட்டது இதுதான்: "சார், ஒவ்வொரு கப்பலுக்கும் பாய், பீரங்கின்னு எழுதி வச்சு ஆடுவீங்களா, இல்ல ஒரு அணியையே மொத்தமா நகர்த்துவீங்களா? கடலூர்ல ரெண்டு பக்கமும் சேர்த்து 33 போர்க்கப்பல். முதல் வகை ரூல்ஸ்ல ஆடினா விடிஞ்சிரும்."

விஷயம் தெரிந்தவன்தானே இப்படிக் கேட்பான்? அந்த ஒரு கேள்விக்காகவே 6,400-ஐயும் அனுப்பினேன்.

வந்தது ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ். ரூல்ஸ் என்பது இணையத்தில் சும்மா கிடைக்கும் நாலு பக்கம், அதிலும் மூன்றாம் பக்கத்தைக் காணோம். கடலூர் தாளில் பதினொன்றுக்குப் பதினொன்று கப்பல். அது நாகப்பட்டினத்துக் கணக்கு! கடலூரில் ஆங்கிலேயருக்கு 18, பிரெஞ்சுக்காரருக்கு 15. தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறான். சரி, நாகப்பட்டினம் தாளாவது உருப்படியா என்றால், காற்றுத் திசை போட வேண்டிய கட்டம் காலி. 1782 ஜூலை 6 அன்று சண்டை நடுவே காற்று திரும்பித்தான் இரண்டு வரிசையும் குலைந்தன. காற்றே இல்லாமல் என்னத்தை ஆட?

கேட்டால் முதலில் "பிரிண்டரைக் கேட்கிறேன் சார்". அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல". அப்புறம் "பிரிச்ச கேமுக்கு ரிட்டர்ன் கிடையாது". பிரிக்காமல் எப்படித் தெரியும்? கடைசியில் "காத்துக்கு நீங்களே பகடை போட்டுக்கங்க சார், ஜாலியா இருக்கும்" என்று ஒரு சிரிப்பு எமோஜி. 6,400 ரூபாய்க்கு எமோஜி!

ரூல்ஸ் தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு வரவில்லை. பணம் போடும் முன் ஒரு சினாரியோ பக்கத்தை முழுசாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கப்பல் பெயர், பீரங்கி எண்ணிக்கை, காற்று மூன்றும் இருக்க வேண்டும். தனி ஆள் நம்பருக்கு மொத்தப் பணத்தையும் அனுப்பாதீர்கள். ஏமாந்தால் தள்ளிப்போடாமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், நான் அடித்துவிட்டேன்.

அதே படங்களோடு அதே விளம்பரம் இப்போது வேறொரு பக்கத்தில் 5,900-க்கு ஓடுகிறது. வாங்கிவிடாதீர்கள்.