கால் எடுத்த பிறகும் சுடும் பிளேடு: அல்ட்ராசோனிக் அறுவைக் கருவிகளின் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஃபுட் சுவிட்சிலிருந்து கால் எடுத்தாயிற்று. பிளேடை அதிரவைத்துத் திசுவை வெட்டும் ஜெனரேட்டரின் சத்தம் நின்றுவிட்டது. திசு இரண்டாகப் பிரிந்து, விளிம்புகள் வெளுத்து, ரத்தக் கசிவில்லாமல் நிற்கிறது. எல்லாம் முடிந்ததுபோல் தோன்றும் இந்த நொடியில்தான் பிளேடு மிக அதிகமாகச் சுடுகிறது. விடாமல் இயக்கினால் அதன் வெப்பம் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது ஆய்வகச் சோதனைகளில் பதிவாகியிருக்கிறது. புரதம் உறைய 60 டிகிரியை ஒட்டிய வெப்பமே போதும். இயக்கம் நின்று இருபது நொடி ஆன பிறகும் அந்தப் பிளேடின் பக்கவாட்டு குடல் சுவரிலோ நரம்பிலோ பட்டால் தீக்காயம் உண்டாகலாம். அப்போது வெளியே ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்து ஓட்டையாக வெளிப்படும்.

இக்கருவிகளை ஆண்டுக்கணக்கில் புழங்கும் அறுவை அரங்குகளில் இரண்டு புகார்கள் தனித்தனியாக வரும். பிளேடு அளவுக்கு மீறிச் சுடுகிறது என்பார் மருத்துவர். ஜெனரேட்டர் அடிக்கடி எரர் காட்டி நிற்கிறது என்பார் செவிலியர். முன்னதைக் கையாளும் முறையின் குறை என்றும், பின்னதை மின்னணுப் பழுது என்றும் பிரித்து எழுதிவைப்பது வழக்கம். பெரும்பாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அதைக் கண்டுகொண்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

கையில் பிடிக்கும் பகுதியான ஹேண்ட்பீஸுக்குள் பீசோ பீங்கான் வட்டுகளை அடுக்கி, நடுவே ஒரு போல்ட் கொண்டு இறுக்கியிருப்பார்கள். மாறுமின்னழுத்தம் கொடுத்தால் அவை விரிந்து சுருங்கும். கத்தரி வகைக் கருவிகளில் பரவலான அதிர்வெண் 55.5 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 55,500 முறை. டைட்டானியக் கலவைத் தண்டின் முனை 50 முதல் 100 மைக்ரான் வரை முன்னும் பின்னும் போய்வரும். 80 மைக்ரான் என்று வைத்துக் கணக்கிட்டால் முனையின் உச்ச வேகம் நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். இவ்வளவு வீச்சு ஒத்ததிர்வில், அதாவது அமைப்பின் இயல்பான அதிர்வெண்ணில் இயக்கும்போது, மட்டுமே கிடைக்கும். அந்த ஒத்ததிர்வோ மிகக் குறுகியது. அமைப்பின் கியூ மதிப்பு (ஒத்ததிர்வின் கூர்மையைக் காட்டும் எண்) 1000 என்று கொண்டால், அதன் அகலம் 55 ஹெர்ட்ஸ்தான்.

டைட்டானியம் சூடேறினால் அதன் விறைப்பு குறையும், ஒலி அதற்குள் மெதுவாக ஓடும், ஒத்ததிர்வு அதிர்வெண்ணும் கீழே இறங்கும். நீண்ட இயக்கத்தில் இது நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸ் இறங்கக்கூடும். அதனால் ஜெனரேட்டர் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையேயான கட்ட வேறுபாட்டை (ஒன்றின் அலை மற்றதைவிட முந்தும் அல்லது பிந்தும் அளவை) ஓயாமல் பார்த்து, இறங்கும் அதிர்வெண்ணைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. ஆக, அந்த அதிர்வெண்ணே பிளேடுக்கு ஒரு வெப்பமானி. திசு பிரிந்து, பிளேடு நேராக எதிர்த் தாடையிலுள்ள பேடின் (மெத்தைப் பட்டையின்) மீது உரசத் தொடங்கியதை இந்த மாற்றத்தைக் கொண்டே கண்டறிந்து, மின்னோட்டத்தைத் தாமே குறைத்து ஒலியை மாற்றும் ஜெனரேட்டர்கள் இப்போது புழக்கத்தில் உள்ளன. ஒலி மாறியதும் தாடையைத் திறக்கக் கை பழகியிருக்க வேண்டும். ஜெனரேட்டரின் ஸ்பீக்கரைக் குறைத்துவைக்கும் வழக்கம் எந்த அரங்கில் இருந்தாலும் அதை நிறுத்துவது நல்லது.

துரத்தல் தவறும் இடம் எது? நீண்ட காலப் பயன்பாட்டில் முதல் குற்றவாளி, பிளேடும் ஹேண்ட்பீஸும் சேரும் இணைப்பு. அந்த இரண்டு உலோக முகங்களும் முழுதாகப் பொருந்தினால்தான் அதிர்வு இழப்பில்லாமல் கடக்கும். கழுவிய பின் மரைக்குள் தங்கிய ஒரு சொட்டு நீர், ஆட்டோகிளேவில் (ஆவியால் கிருமிநீக்கும் கலனில்) வெந்து காய்ந்த ரத்தத் துகள், மரையின் முதல் சுற்றில் ஒரு சிறு நெளிவு, இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். இணைப்பு அங்கேயே சூடேறும், அதிர்வெண் துள்ளும். வீச்சைக் காப்பாற்ற ஜெனரேட்டர் கூடுதல் மின்னோட்டம் அனுப்பும். அந்தக் கூடுதல் பீங்கானில் வெப்பமாகும். பீங்கான் சூடேறச் சூடேற அதன் உள்ளிழப்பும் கூடும். இப்படி ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போய், கடைசியில் ஹேண்ட்பீஸ் கையில் சுடும், திரையில் எரர் வரும்.

பொருத்தும்போது ஹேண்ட்பீஸைச் செங்குத்தாகப் பிடித்து, மரையின் முகத்தை உலர்ந்த, நூல் உதிராத துணியால் துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். முகம் ஒரே சீராக மின்ன வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சாம்பல் வளையமாகத் தேய்ந்திருந்தால் பொருத்தம் கோணலாகிவிட்டது என்று பொருள். பிறகு கையால் சுற்றி, கருவியோடு வரும் டார்க் ரெஞ்சை (அளவோடு இறுக்கும் திருகுசாவியை) வலப்பக்கம் திருப்ப வேண்டும். பரவலாக உள்ள மாடல்களில் இரண்டு கிளிக் கேட்டதும் நிறுத்த வேண்டும். ரெஞ்ச் கிடைக்கவில்லை என்று கைப்பலத்தால் இறுக்குவது எங்கும் காணக்கூடிய தவறு. குறைவாக இறுகினால் இணைப்பு சுடும், கூடுதலாக இறுகினால் மரை சிதையும், பிறகு கழற்றவும் வராது. ரெஞ்ச் பழசானால் கிளிக் முன்கூட்டியே விழும். அதையும் குறிப்பிட்ட காலத்தில் மாற்ற வேண்டும் என்பதை யாரும் நினைப்பதில்லை.

தொடக்கச் சோதனையில் தாடை திறந்திருக்க வேண்டும், பிளேடு காற்றில் நிற்க வேண்டும். எதையாவது தொட்டுக்கொண்டிருக்கையில் சோதித்தால் ஜெனரேட்டர் தவறான ஒத்ததிர்வை அடிப்படையாக எடுத்துக்கொள்ளலாம் அல்லது எரர் காட்டலாம்.

ஹேண்ட்பீஸை ஆட்டோகிளேவிலிருந்து எடுத்த சூட்டோடு பயன்படுத்துவதும் இதே கதைதான். 134 டிகிரி ஆவியில் இருந்துவிட்டு வந்த பீங்கானின் மின்தேக்கத் திறன் கூடியிருக்கும், ஒத்ததிர்வு கீழே இருக்கும். வெளிக்கூடு ஆறிவிட்டாலும் உள்ளே சூடு தங்கியிருக்கும். அறை வெப்பத்தில், ட்ரேயைத் திறந்துவைத்து, தானாக ஆறவிடுவதுதான் ஒரே வழி. குளிர்ந்த சலைனில் முக்கி ஆற்றக் கூடாது. பீங்கான் விரிசல் விடும், சீல் சுருங்கி ஈரத்தை உள்ளே இழுக்கும். நாளுக்குப் பல அறுவைகள் நடக்கும் அரங்கில் இரண்டு ஹேண்ட்பீஸ்களாவது சுழற்சியில் இருந்தால்தான் இந்தப் பொறுமை சாத்தியம். ஒன்றை வைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள் சேமிப்பதாக நினைக்கும் பணம் பழுதுபார்ப்பில் போய்விடும்.

இனி மேசையில் நடப்பது. ஒரே மூச்சில் நீளமாக இயக்குவதைவிட, விட்டுவிட்டு இயக்குவது வெப்பத்தை வெகுவாக அடக்கும். ஜெனரேட்டரைக் குறைந்த ஆற்றல் நிலையில் வைத்தால் பாதுகாப்பு என்று பொதுவாக நம்புகிறார்கள். அது பாதி உண்மை. குறைந்த நிலையில் வீச்சு குறைவு, வெட்டு மெதுவாக நடக்கும், ரத்தக் குழாய் நன்றாக அடைபடும். ஆனால் வெட்டி முடிக்க அதிக நேரம் ஆவதால் வெப்பம் பக்கவாட்டில் பரவவும் நேரம் கிடைக்கிறது. நரம்பை ஒட்டிய இடத்தில், ரத்தக் குழாய் இல்லாத மெல்லிய திசுவை உயர் நிலையில் சட்டென வெட்டி எடுப்பதே பல நேரம் நல்லது. திசுவை இறுக்கி இழுத்துப் பிடித்தால் வெட்டு விரைவாகும், அடைப்பு பலவீனமாகும். குழாய் இருக்கும் இடத்தில் இழுவையைத் தளர்த்துங்கள். தைராய்டு அறுவையில் குரல்வளை நரம்பை நெருங்கும்போது பிளேடு நரம்புக்கு எதிர்ப்புறமாகவும், பேடு உள்ள தாடை நரம்பின் பக்கமாகவும் இருக்கட்டும். அப்படியும் சில மில்லிமீட்டர் இடைவெளி கட்டாயம்.

குளிர்விக்க மிக எளிய பொருள், சலைனில் நனைத்த காஸ் துணி. தாடையைத் திறந்து, பிளேடின் முழு நீளமும் படும்படி சில நொடி அழுத்தினால் போதும். முதல் தொடலில் 'சுர்ர்' என்று ஆவி எழும், ஒலி அடங்கியதும் எடுக்கலாம். காற்றில் ஆறவிட்டால் இதற்குப் பல மடங்கு நேரமாகும். லேப்ராஸ்கோப்பியில் ஒவ்வொரு முறையும் கருவியை வெளியே எடுக்க முடியாது. அங்கே பிளேடின் முனையை எப்போதும் திரையில் தெரியும்படி வைத்துக்கொண்டு, ஆறும்வரை அதைக் கொண்டு எதையும் ஒதுக்கவோ தூக்கவோ கூடாது. கருவியை வெளியே எடுக்கும் போதெல்லாம் கிண்ணத்து சலைனுக்குள் முனையை விட்டுச் சில நொடி இயக்கினால் ஒட்டிய கரி தானே உதிரும். பிளேடைக் கத்தியால் சுரண்டிவிட வேண்டாம். அந்தக் கீறலே பின்னாளில் விரிசலுக்குத் தொடக்கம்.

வெள்ளை பேடு டெஃப்லான் வகைப் பொருள். டெஃப்லானுக்குத் தொடர் பயன்பாட்டு வரம்பு 260 டிகிரி, உருகுநிலை 327. திசு இல்லாமல் தாடையை மூடி இயக்கினால் பேடில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்த பேடு திசுவைச் சீராக அழுத்தாது. வெட்டு முழுமையாகாது, மருத்துவர் இன்னும் நேரம் அழுத்துவார், சூடு மேலும் ஏறும். உருப்பெருக்கியில் பார்த்தால் பேடின் நடுவில் பளபளப்பான பழுப்புக் கோடு தெரியும். அது தெரிந்த கருவியை ஒதுக்கிவிட வேண்டும்.

உலோக கிளிப்பிலோ ஸ்டேப்பிளிலோ இயங்கும் பிளேடு ஒருமுறை பட்டாலும் கவனம் தேவை. கண்ணுக்குத் தெரியாத குழியிலிருந்து விரிசல் ஓடும். அதற்கு முன்னறிவிப்பு, கீச்சென்ற ஒலியும் காரணமில்லாத எரரும்.

எரர் வந்தால் ஜெனரேட்டரை அணைத்துப் போடுவதற்கு முன் வரிசையாகப் பிரித்துப் பாருங்கள். முதலில் பிளேடைக் கழற்றித் துடைத்து மீண்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். தொடர்ந்தால், அதைக் கழற்றிவிட்டு ஹேண்ட்பீஸோடு கிடைக்கும் சோதனை முனையைப் பொருத்துங்கள். சோதனை முனையில் சரியாக ஓடினால் பழுது பிளேடில். ஓடவில்லை என்றால் ஹேண்ட்பீஸை மாற்றுங்கள். அதன்பிறகும் வந்தால்தான் ஜெனரேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். இந்த வரிசையை ஜெனரேட்டரின் பக்கவாட்டிலேயே ஒட்டிவைத்தால், நடு அறுவையில் பதற்றம் இருக்காது.

பயோமெடிக்கல் பிரிவில் மின்மறுப்பை (மாறுமின்னோட்டத்துக்கு எழும் தடையை) அளக்கும் அனலைசர் இருந்தால், ஒவ்வொரு ஹேண்ட்பீஸையும் வாங்கிய அன்றே சோதனை முனையோடு அளந்து, ஒத்ததிர்வு அதிர்வெண், அந்தப் புள்ளியின் மின்மறுப்பு, அறை வெப்பம் ஆகிய மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே முனையோடு மீண்டும் அளந்தால் போதும். அதிர்வெண் மெல்ல நகர்வது மூப்பு. மின்மறுப்பு படிப்படியாக ஏறினால் உள்ளே இழப்பு கூடுகிறது, பீங்கானோ நடு போல்ட்டோ தளர்கிறது. எரர் வருவதற்கு முன்பே தெரியும் அடையாளம் இது. முனையின் வீச்சை நேரடியாகப் பார்க்க நுண்ணோக்கியும் உதவும். முனையில் மின்னும் ஒரு புள்ளியைப் பிடித்து இயக்கினால், புள்ளி கோடாக நீளும். அந்தக் கோட்டின் நீளத்திலிருந்து புள்ளியின் அளவைக் கழித்தால் முழு வீச்சு. அளவீட்டு முறைகளுக்கென சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 61847 என்ற தரநிலையும் உண்டு.

ஒருமுறைப் பயன்பாட்டுக் கத்தரிகளைத் திரும்பத் திரும்பக் கிருமிநீக்கி ஓட்டுவதை ஏற்க முடியாது. குழாய்க்குள் தண்டைத் தாங்கும் சிலிகான் வளையங்கள் அதிர்வின் கணுப் புள்ளிகளில், அதாவது அசைவு மிகக் குறைந்த இடங்களில், அமர்ந்திருக்கின்றன. சூடும் ரசாயனமும் பட்டுப்பட்டு அவை இறுகி இடம் நகர்ந்தால், தண்டு வெளிக்குழாயில் உரசி, யாரும் எதிர்பார்க்காத நடுப்பகுதியில் சூடேறும். உள்ளே உறைந்த ரத்தத்தை எந்தத் தூரிகையும் எட்டாது.

எலும்பு வெட்டும் பீசோ கருவிகளில் கணக்கு வேறு. அதிர்வெண் 24 முதல் 36 கிலோஹெர்ட்ஸ் வரை. அங்கே எதிரி, மிகக் குறைவாகத் தோன்றும் வெப்பம். 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பின் மீள்வளர்ச்சி பாதிக்கப்படும் என்பதை 1983-இல் எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் முயல்களில் காட்டினார்கள். கையை அழுத்தினால் வேகமாக வெட்டும் என்ற பழக்கம் துளைக்கருவியிலிருந்து வருவது, இங்கே அது நேர்மாறு. அழுத்தினால் அதிர்வு அமுங்கி, ஆற்றல் அத்தனையும் சூடாகும். பேனா பிடிப்பில், முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே வெட்ட வேண்டும். 4 டிகிரியில் குளிரூட்டிய சலைன் நல்லது. ஆழமான வெட்டில் அது முனையை எட்டாது என்பதால், சில நொடிக்கு ஒருமுறை முனையை வெளியே எடுத்துப் பள்ளத்தை நனைக்க வேண்டும். அறுவை முடிந்ததும் குழாயிலும் ஹேண்ட்பீஸிலும் சலைன் தங்கினால் உப்பு படிகமாகி வழியை அடைக்கும், அடுத்த முறை பம்ப் ஓடும், நீர் வராது. கழற்றுவதற்கு முன்பே நீரை உறிஞ்சும் குழாய் முனையைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு, முனையில் சீரான ஓட்டம் வரும்வரை பம்ப்பை ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.