யாங்ஷுவோ ஸ்டேஷன் வாசலில் "மூங்கில் தெப்பம், பாறை ஏற்றம்" என்று ஒருவர் வந்தால்

தென்சீனாவில் குவாங்சோ நகரத்தில் வேலை பார்க்கிற நம்மவர்கள் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் யாங்ஷுவோவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். புல்லட் ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். சுண்ணாம்புக்கல் குன்றுகள், லி ஆறு, 20 யுவான் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் அதே காட்சி. ஊரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கடந்த ஏப்ரலில் நான், மனைவி, பத்து வயது மகள், மச்சான் நாலு பேரும் போய் ஏமாந்த கதையைத்தான் சொல்கிறேன். பணம் போனது சின்ன விஷயம். மகளின் இடுப்பில் மாட்டிய பெல்ட்டை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

முதல் பொறி ரயில் நிலையமே. பெயர் யாங்ஷுவோ என்றாலும் அது இருப்பது ஷிங்பிங் பக்கம். ஊருக்குள் போக பஸ்ஸில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். இது தெரியாமல் இறங்கி முழிக்கிறவர்களுக்காகவே வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். எங்களைப் பிடித்தவர் நல்ல ஆங்கிலம் பேசினார். "கடைசி பஸ் போய்விட்டது" என்றார். அப்போது மணி நாலு. அவருடைய வேனில் ஏறி பத்து நிமிஷத்தில் ஒரு பஸ் எங்களை ஓவர்டேக் செய்துகொண்டு போனது. அப்போதே இறங்கியிருக்க வேண்டும்.

வழியில் போனை நீட்டினார். குடைக்குக் கீழே இரண்டு நாற்காலி போட்ட மூங்கில் தெப்பம், பின்னால் ஒருவர் கழி ஊன்றித் தள்ளுகிறார், சின்னச் சின்னத் தடுப்பணைகளில் தெப்பம் சறுக்கி இறங்குகிறது. மகள் குதித்துவிட்டாள். காலையில் தெப்பம், மதியம் பாறை ஏற்றம், தலைக்கு 380 யுவான். குழந்தைக்கும் அதே. 1,520 யுவானை வீசாட்டில் அனுப்பினேன், சீனாவில் பேச்சுக்கும் பணத்துக்கும் எல்லோரும் பயன்படுத்துகிற ஆப் அது. கடைக் கணக்குக்கு இல்லை, அவருடைய சொந்தக் கணக்குக்கு. ரசீது கேட்டதற்கு, "வீசாட்டில்தான் பதிவாகியிருக்கிறதே" என்றார்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். யாங்ஷுவோவில் "மூங்கில் தெப்பம்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சவாரிகள் நடக்கின்றன. அவர் படத்தில் காட்டியது யூலோங் ஆறு, லி ஆற்றின் துணையாறு. அங்கே நிஜ மூங்கில், மோட்டார் கிடையாது, ஒரு தெப்பத்துக்கு இரண்டு பேர். லி ஆற்றில் ஓடுவதோ பிவிசி குழாய்களைச் சேர்த்துக் கட்டி, முன்பக்கம் மூங்கில் மாதிரி மேல்நோக்கி வளைத்த மோட்டார் தெப்பம், நாலு பேர் உட்காரலாம். அதுவும் மோசமில்லை, காட்சி பிரமாதமாக இருக்கும். ஆனால் அது வேறு, இது வேறு. இரண்டிலும் முறையான டிக்கெட் என்றால் பாஸ்போர்ட்டைக் கேட்டுப் பெயரோடு கொடுப்பார்கள்.

மறுநாள் காலை எங்கள் பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை. "யூலோங்கில் தண்ணீர் அதிகம், மூடிவிட்டார்கள்" என்று சொல்லி லி ஆற்றுக்குக் கூட்டிப்போனார். மழைக்காலத்தில் அப்படி மூடுவது உண்டு என்பதால் நம்பினேன். வண்டி படித்துறைக்குப் போகவில்லை. ஒரு சோளக்கொல்லையைத் தாண்டி, சேறான கரையில் நிறுத்தினார்கள். ஒரு குழாய்த் தெப்பம், டீசல் நாற்றம், நாலு லைஃப் ஜாக்கெட். மகளுக்குக் கொடுத்ததில் மூன்று கொக்கியில் இரண்டு இல்லை. மனைவி தன் துப்பட்டாவை எடுத்து இறுக்கிக் கட்டினாள். இருபது நிமிஷம் போய் அதே கரைக்குத் திரும்பினோம். உரிமம் இல்லாத வண்டியைச் சீனத்தில் "ஹெய் சே" என்பார்கள், கருப்பு வண்டி என்று அர்த்தம். அப்படியென்றால் நாங்கள் போனது கருப்புத் தெப்பம். கவிழ்ந்திருந்தால் அதில் நாங்கள் இருந்ததற்கு ஒரு சீட்டுகூடக் கிடையாது.

மதியம் பாறை. யாங்ஷுவோ சீனாவின் பாறை ஏற்றத் தலைநகரம் மாதிரி. 1990களில் வெளிநாட்டு ஏறுநர்கள் வந்து நடுவில் பெரிய ஓட்டை உள்ள நிலாக்குன்றின் வளைவில், கயிறு மாட்ட போல்ட் அடித்து ஏறும் வழி போட்டதிலிருந்து உலகம் முழுக்க ஆட்கள் வருகிறார்கள், நல்ல பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். எங்களைக் கொண்டுபோனது சாலையோரத்துப் பெயர் தெரியாத ஒரு பாறைக்கு. முந்தின இரவு மழையில் நனைந்து, சோப்புத் தடவினாற்போல் இருந்தது. வழிகாட்டி என்று நின்றவன் இருபது வயதுப் பையன். ஹெல்மெட் இல்லை. நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஹார்னஸ், அதாவது இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக் கயிறு கட்டுகிற பாதுகாப்பு பெல்ட், அதுவும் பெரியவர்களுடையது.

அதை மகளுக்கு மாட்டினான். இடுப்புப் பட்டையை எவ்வளவு இறுக்கியும் கீழே நழுவியது. மிச்ச வாரை வயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு, "மேய் ஷி, மேய் ஷி" என்றான். ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். எனக்கு இதெல்லாம் தெரியாது, சரி என்றுதான் நின்றேன். மச்சான் பெங்களூரில் உள்ளரங்கச் சுவரில் ஏறிப் பழகியவன். குனிந்து பார்த்தவன் நிமிரவே இல்லை. "அத்தான், இங்கே வாங்க" என்றான். கயிறு கட்டுகிற முன்வளையத்தில் தையல் பிரிந்து பஞ்சு பஞ்சாக நின்றது. வெயிலில் சிவப்பு வார் வெளிறி ரோஸ் நிறமாகியிருந்தது. மேலே கயிறு ஒரே ஒரு கராபினரில், அதாவது திறந்து மூடுகிற உலோகக் கொக்கியில், தொங்கியது, இரண்டு இருக்க வேண்டுமாம். அப்புறம், இடுப்பு எலும்பு சரியாக வளராத குழந்தைக்கு இடுப்பு ஹார்னஸ் மட்டும் போட்டால் தலைகீழாகக் கவிழ்ந்து உருவி விழ வாய்ப்பு இருக்கிறது, தோளையும் சேர்த்துப் பிடிக்கிற முழு உடல் ஹார்னஸ்தான் போட வேண்டும் என்றான். மகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். அவள் அழுதாள், நாங்கள் விளையாட்டைக் கெடுத்துவிட்டோமாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "ஏற மாட்டேன் என்றது நீங்கள்தானே" என்று பதில் வந்தது.

அன்று ராத்திரி ஷி ஜியே கடைத்தெருப் பக்கம் பியர் ஊற்றிச் சமைக்கிற பியர் மீன் சாப்பிடப் போய் அங்கேயும் ஒரு குட்டு. மெனுவில் 68 என்று இருந்தது முழு மீனுக்கு இல்லை, ஒரு ஜின்னுக்கு, அதாவது அரைக் கிலோவுக்கு. எங்கள் மீன் நாலு ஜின். இது ஏமாற்று என்று சொல்ல முடியாது, பலகையில் எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. மீனைத் தொட்டியிலிருந்து எடுக்கும்போதே எடை போட்டு மொத்த விலையைக் கேட்டுவிடுங்கள்.

மறுநாள் நாங்களாகவே யூலோங் படித்துறைக்குப் போனோம். பாஸ்போர்ட், டிக்கெட், இரண்டு தெப்பம், எல்லாம் முறையாக நடந்தது. முந்தின நாள் மூடியிருந்ததா என்று கவுன்டரில் கேட்டேன். நாள் முழுக்க ஓடியதாம்.

குவாங்சோ திரும்பியதும் கூட வேலை பார்க்கும் சீனத் தோழி 12345 அரசு உதவி எண்ணில் புகார் பதிந்தாள். கையில் வேன் நம்பர் பிளேட் படமும் வீசாட் உரையாடலும் இருந்ததால் கொஞ்சம் நடந்தது. ஆறு நாள் கழித்து 600 யுவான் வந்தது. "சொந்தக் கணக்குக்கு அனுப்பாமல் கடையின் கியூஆர் கோடில் கட்டி, ஃபாபியாவ் என்கிற அரசு வரி ரசீது வாங்கியிருந்தால் முழுசும் வாங்கியிருக்கலாம்" என்றாள். அந்த மனிதரை நான் இன்னும் வீசாட்டில் நீக்கவில்லை. நேற்றுகூடப் பதிவு போட்டிருந்தார், குடை, இரண்டு நாற்காலி, கழி ஊன்றுகிறவர், அதே படம்.