கர்ப்பிணிக்குப் பாடம்: மாநகராட்சி பெஞ்சா, சனிக்கிழமை வகுப்பா?

முதல் பிரசவத்தின்போது பெரம்பூரில் இருந்தோம். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் எல்லாம். இரண்டாவதற்குள் வேளச்சேரிக்கு வந்துவிட்டோம். அங்கே சனிக்கிழமைதோறும் தனியார் வகுப்பு, காசு கட்டி. இப்போது தங்கை கேட்கிறாள், எது நல்லது என்று.

சுகாதார நிலையத்தில் வகுப்பு என்று தனியாக நடந்ததில்லை. பெஞ்சில் காத்திருக்கும்போதும், எடை பார்க்கும்போதும் நர்ஸ் பேசுவார், அதுதான் பாடம். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு போடாதே. கடும் தலைவலியோடு கண் மங்கினால், ரத்தம் பட்டால், பனிக்குடம் உடைந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால் விடியட்டும் என்று இருக்காதே, 108க்கு அடி. மாதாமாதம் இதையே கேட்டு அலுத்துப்போனது. ஆனால் இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன்.

பிரசவ வலியைப் பற்றி மட்டும் அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. தலைப்பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் 10 செ.மீ. விரிய 12 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம் என்பது தெரியாமல், நாலாவது மணி நேரத்திலேயே செத்துவிடுவேன் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை வகுப்பு அந்தக் குறையைத் தீர்த்தது. எப்படி மூச்சு விடுவது, எப்போது எழுந்து நடப்பது, எந்த நிலைமையில் சிசேரியன் தேவைப்படும், எல்லாம் பொறுமையாகச் சொன்னார்கள். இடுப்பில் எங்கே அழுத்தினால் வலி கொஞ்சம் தாங்கும் என்று என் கணவர் கற்றுக்கொண்டார். கட்டிய காசு அதற்கே சரியாகிவிட்டது. பிறந்த குழந்தையைப் பற்றிய பாடம்தான் சப்பை. கடைசி நாளில் ஒரு மணி நேரம், அதுவும் பொம்மையை வைத்து. பொம்மை பால் குடிக்குமா? காம்பு மட்டும் போதாது, கருவட்டமும் சேர்ந்து குழந்தையின் வாய்க்குள் போகவேண்டும் என்பதை முதல் பிரசவத்தில் வார்டு நர்ஸ் கையைப் பிடித்துக் காட்டியிருந்தார். அதுதான் இரண்டாவதற்கும் உதவியது.

யூடியூப்? ராத்திரி இரண்டு மணிக்கும் கிடைக்கும். நாம் செய்வது தப்பென்று சொல்லத்தான் ஆளில்லை.

எனக்குப் பெரிய வித்தியாசமாகப் பட்டது வேறு. பெஞ்சில் என் பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருப்பார். நர்ஸ் என்னை விட்டுவிட்டு அவரிடம்தான் பேசுவார்: “பாட்டிம்மா, பொறந்த குழந்தை நாக்குல சேனைன்னு சர்க்கரைத் தண்ணி வைக்கக் கூடாது. சீம்பாலைப் பிழிஞ்சு கொட்டிடாதீங்க. ஆறு மாசம் தாய்ப்பால்தான், தண்ணிகூட வேணாம். தொப்புள்ல எதுவும் தடவாதீங்க.” மாமியார் தலையாட்டினார், சொன்னபடியே செய்தார். சனிக்கிழமை வகுப்புக்கு அவர் வரவில்லை. என் கணவர் குறிப்பெடுத்து வந்து வாசித்தபோது, “மூணு பெத்தவளுக்கு நீ பாடம் எடுக்கிறியா?” என்றார். கிரைப் வாட்டர் கொடுக்கலாமா என்று நடுராத்திரியில் சண்டை.

தனியார் இடத்தில் சேர்ந்தாலும் அரசு சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவுசெய்வதை விடக் கூடாது. பிறப்புச் சான்றிதழுக்கு, அந்தப் பதிவில் கிடைக்கும் பிக்மி எண்ணைக் கேட்பார்கள். தகுதி உள்ளவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய், பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக, அந்த வழியில்தான் வரும்.

மாதம் 9ஆம் தேதி அரசு நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கென்றே டாக்டர் பார்ப்பார், கூட்டமும் இருக்கும். தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்: அன்றைக்கு உன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போ. சனிக்கிழமைக்கு மாப்பிள்ளை வரட்டும்.