ஸ்கூல் சயின்ஸ் ப்ராஜெக்டுக்கு காசு: மானக்கா, அடல் லேபா, ஊர்க்காரங்களா?

மேலூர், உசிலம்பட்டி பக்கம் கவர்மெண்ட் ஸ்கூல்ல இருக்குற சயின்ஸ் டீச்சருங்க திரும்பத் திரும்ப கேக்குறது ஒண்ணுதான், பிள்ளைங்க நல்ல நல்ல ஐடியாவா சொல்லுதுங்க, அதை செஞ்சு பாக்க காசுக்கு எங்க போறது? வருஷா வருஷம் வர்ற பள்ளி மானியம் 251ல இருந்து 1000 பிள்ளைங்க இருக்குற ஸ்கூலுக்கு 75,000 ரூபா, அது சாக்பீஸ், ரிப்பேர், கக்கூஸ் சுத்தம்னு போயிரும். அதனால அதை விட்டுட்டு மத்த மூணையும் பாப்போம்.

சின்ன ஸ்கூலா இருந்தா கண்ண மூடிக்கிட்டு இன்ஸ்பயர் மானக்ல ஆரம்பிங்கன்னுதான் நான் சொல்லுவேன். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையோட திட்டம், ஒரு ஸ்கூல்ல இருந்து அஞ்சு ஐடியா ஆன்லைன்ல அனுப்பலாம், செலக்ட் ஆனா 10,000 ரூபா நேரா அந்தப் பிள்ளை அக்கவுண்டுக்கே வந்துரும். முன்னாடி ஆறாவதுல இருந்து பத்தாவது வரைதான், இப்ப பிளஸ் டூ வரைக்கும் உண்டு. தனி ரூம் வேணாம், லேப் வேணாம். ஆனா எரிமலை மாடல், மழைநீர் சேகரிப்பு மாடல்னு புக்ல இருக்குறத அனுப்புனா நிக்காது, ஐடியா பிள்ளையோட சொந்த ஐடியாவா இருக்கணும். நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்? விடியக்காலை இருட்டுல ஒரு கையில டார்ச்ச பிடிச்சுக்கிட்டு மல்லி மொட்டு பறிக்கிற அம்மாவுக்கு ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்க என்ன செய்யலாம்னு ஒரு பொண்ணு யோசிச்சா அதுதான் ப்ராஜெக்ட். அக்கவுண்ட் விஷயத்த மட்டும் ஜூன்லயே முடிச்சிருங்க, பிள்ளை பேர்ல பாஸ்புக் இல்லாம பணம் வராது.

அடல் டிங்கரிங் லேப் பெருசு. நிதி ஆயோக் 2016ல ஆரம்பிச்சது, மொத்தம் 20 லட்சம், அதுல 10 லட்சம் லேப் போட, மிச்சம் அஞ்சு வருஷம் நடத்த. 3டி பிரிண்டர், சென்சார், ரோபோ கிட்டுன்னு பிள்ளைங்க கண்ணால பாக்காத பொருளெல்லாம் வரும். 2025 பட்ஜெட்ல அரசுப் பள்ளிகளுக்கு அஞ்சு வருஷத்துல 50,000 லேப்னு அறிவிச்சிருக்காங்க, அதனால இனிமே வாய்ப்பு கூடும். ஆனா பெரிய ரூம் வேணும், காச எதுக்கு செலவழிச்சோம்னு காட்டுற பயன்பாட்டுச் சான்று, கணக்குன்னு வேலை இழுக்கும், எல்லாத்துக்கும் மேல அதுக்குன்னு ஒரு டீச்சர் வேணும், ட்ரெயினிங் எடுத்தவர் டிரான்ஸ்ஃபர்ல போயிட்டா லேப் பூட்டிக் கிடக்கும், அதப் பாக்குறப்ப வயிறு எரியும். ரெண்டு பேருக்காவது ட்ரெயினிங் குடுக்க முடியும்னாதான் அப்ளை பண்ணுங்க.

மூணாவது ஊர்க்காரங்க, பழைய மாணவர்கள், கம்பெனி. 2022 டிசம்பர்ல ஆரம்பிச்ச நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் வழியா அரசுப் பள்ளிக்கு முறைப்படி நன்கொடை வாங்கலாம். பெரிய கம்பெனின்னா சராசரி லாபத்துல 2% சமூகப் பணிக்கு செலவழிக்கணும்னு சட்டமே இருக்கு. ஆனா கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில இருக்குற சின்ன பட்டறைய அந்தச் சட்டம் தொடாது, அதுக்காக அவங்கள விட்றாதீங்க, காசா கேக்காம தகடு வெட்டிக் குடுங்கண்ணே, ஒரு வெல்டிங் வச்சுக் குடுங்கண்ணேன்னு பிள்ளைகளோட போய் நின்னா முடியாதுன்னு சொல்ல மனசு வராது.

கேக்குற லெட்டர்தான் முக்கியம். "அறிவியல் வளர்ச்சிக்கு உதவுங்கள்"னு எழுதுனா யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. "எட்டாம் வகுப்பு 40 பிள்ளைகளுக்கு மல்டிமீட்டர் 10, பிரெட்போர்டு 10, சோல்டரிங் அயர்ன் 4, கடை கொட்டேஷன் இணைத்துள்ளோம்"னு எழுதுங்க, பள்ளி மேலாண்மைக் குழு தீர்மான நகலையும் வைங்க. எவ்வளவு, எதுக்குன்னு தெரிஞ்சா துபாய்ல இருக்குற பழைய மாணவர் ஒருத்தரே மொத்தத்தையும் ஏத்துக்குவார்.

மானக் ரிசல்ட் வர மாசக்கணக்காகும், அது வரைக்கும் பிள்ளைய சும்மா உக்கார வைக்காம ஊர்க்காரங்க குடுத்த பொருள வச்சு முதல் மாடல செய்ய விடுங்க. செலக்ட் ஆகி மானக் மாவட்டக் கண்காட்சிக்குப் போறப்ப அது ரெண்டாவது மாடலா இருக்கும், கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் பிள்ளை கையில இருக்கும்.